“இன்னும் எத்தனை வருஷம் மூக்குத் துடைப்பாய்?”

ஐந்து வருடமாக மழலையர் வகுப்பு. மூன்று வயதுப் பிள்ளைகள். வேலை பிடித்திருக்கிறது, பிள்ளைகளும் உங்களிடம் ஒட்டிக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு வருடமாகப் புதிதாக எதுவும் தோன்றவில்லை. அதே பாட்டு, அதே களிமண். கூடப் படித்தவர்கள் எல்லாம் பதவி மாறிவிட்டார்கள், நீங்கள் மட்டும் சேர்ந்த அன்றைக்கு இருந்த அதே ‘மிஸ்’. “இன்னும் எத்தனை வருஷம் மூக்குத் துடைப்பாய்?” என்று வீட்டில் கேட்கிறார்கள். மையத்தின் தலைவி விலகப் போகிறார், அந்த இடம் உங்களுக்கு வரலாம். அதை எடுத்துக்கொள்வதா, மேலே படித்துவிட்டுப் பெரிய பள்ளிக்குப் போய்விடுவதா, இல்லை இந்தத் துறைக்குள்ளேயே வளர வழி உண்டா? உங்கள் கேள்வியை இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

வழி உண்டு, ஏழெட்டு உண்டு. அவற்றைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று. இந்தத் துறையில் பதவி உயர்வு என்று பெயர் வைத்திருக்கும் ஒவ்வொன்றும் உங்களைக் குழந்தையிடமிருந்து ஒரு முழம் தள்ளிப் பெரியவர்கள் பக்கம் ஒரு முழம் நகர்த்தும். உதவியாளராக இருக்கும்போது நாள் முழுக்கக் குழந்தைகள். வகுப்பாசிரியர் ஆனதும் பெற்றோர் வந்துவிடுவார்கள். ஒருங்கிணைப்பாளர் ஆனால் ஆசிரியர்கள். தலைமைக்குப் போனால் ஆய்வுக்கு வரும் அதிகாரி, கணக்கு பார்ப்பவர், குழாய் ரிப்பேர் செய்பவர். அதனால் ‘வளர முடியுமா’ என்று கேட்பதற்கு முன் ‘யார் பக்கம் வளர எனக்கு ஆசை’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நான் இந்த வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. உதவியாளர், வகுப்பாசிரியர், தலைமை, அப்புறம் தலைமையிலிருந்து இறங்கி மறுபடி வகுப்பு. இப்போது மற்ற ஆசிரியர்களின் வகுப்பில் போய் உட்கார்ந்து அவர்களுக்குத் துணை நிற்கும் வேலை. எல்லாப் பக்கமும் கொஞ்சம் அடிபட்டிருக்கிறேன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சலிப்பைப் பார்ப்போம், ஏனென்றால் அதற்குப் பெயர் இருக்கிறது. மழலையர் கல்வி அறிஞர் லிலியன் காட்ஸ் 1972-இல் அமெரிக்காவில் எழுதிய ஒரு கட்டுரையில், சிறு பிள்ளைகளின் ஆசிரியர்கள் நான்கு கட்டங்களைத் தாண்டி வளர்கிறார்கள் என்றார். முதலாவது தாக்குப்பிடிக்கும் கட்டம். ‘சாயங்காலம் வரைக்கும் யாருக்கும் அடிபடாமல் ஓட்டிவிட்டால் போதும்’ என்று இருப்போமே, அது. இரண்டாவது காலூன்றும் கட்டம். மொத்த வகுப்பையும் சமாளிக்கத் தெரிந்துவிட்டது, இனி தனியொரு குழந்தை ஏன் இப்படி இருக்கிறது என்று யோசிக்க நேரம் கிடைக்கும். மூன்றாவது, நான்காவது வருடத்தை ஒட்டி வருவது புதுப்பித்துக்கொள்ளும் கட்டம். செய்ததையே செய்து அலுத்துப்போய், மற்ற இடங்களில் என்ன நடக்கிறது என்று பார்க்க மனசு அலையும். கடைசியில் முதிர்ச்சி, ‘நான் செய்வதற்கெல்லாம் என்ன அர்த்தம்’ என்ற பெரிய கேள்விகள் எழும் காலம்.

அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் உபயோகப்பட்டது, ஒவ்வொரு கட்டத்துக்கும் வேண்டிய உதவி வேறு வேறு என்ற இடம்தான். முதல் வருடக்காரருக்குப் பக்கத்து அறையில் ஓர் ஆள் வேண்டும், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர. புதுப்பிக்கும் கட்டத்தில் இருப்பவருக்கு வேறு மையங்களைப் போய்ப் பார்ப்பது, வேறு ஆசிரியர்களோடு பேசுவது, தன் வகுப்பைத் தானே வீடியோவில் பார்ப்பது, இவைதான் மருந்து. நீங்கள் நிற்பது அங்கேதான். ஆனால் நிறையப் பேர் இந்த அலுப்பைத் தப்பாகப் படித்துவிடுகிறார்கள். ‘எனக்கு இந்தத் துறை ஒத்துவரவில்லை’ என்று முடிவுகட்டிப் பெரிய பள்ளிக்குப் போகிறார்கள். அங்கேயும் நாலு வருடம் கழித்து இதே அலுப்பு வந்து நிற்கும்.

வீடியோ சமாசாரத்தை நான் ஆறாவது வருடத்தில் செய்து பார்த்தேன். பிள்ளைகளின் வீட்டில் சம்மதம் கேட்டு, அலமாரி மேல் போனைச் சாய்த்து வைத்து இருபது நிமிடம் எடுத்தேன். இரவு உட்கார்ந்து பார்த்தால், அந்த இருபது நிமிடமும் நான் பேசிக்கொண்டே இருக்கிறேன். படத்தின் ஓரத்தில் ஒரு சிறுமி, எங்கேயோ கண்டெடுத்த ஒரு சட்டைப் பொத்தானை என் பக்கம் நீட்டுகிறாள். நான் வேறு யாருக்கோ பதில் சொல்கிறேன். கையை மடக்கிக்கொள்கிறாள். மறுபடி நீட்டுகிறாள். மூன்றாவது தடவை நீட்டிவிட்டு, பொத்தானைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். வகுப்பு நடந்த அன்று இது எதுவும் என் கண்ணில் படவே இல்லை. எனக்கு அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு அலுப்பே வரவில்லை, பார்க்க வேண்டியது அவ்வளவு இருந்தது.

இப்போது அந்தத் தலைமைப் பொறுப்பு.

நல்ல ஆசிரியர் நல்ல தலைவராக இருப்பார் என்று எல்லா மையமும் நம்புகிறது. இது இந்தத் துறையின் மூடநம்பிக்கை. இரண்டும் வேறு வேலை. எட்டாவது வருடத்தில் என்னைத் தலைவியாக்கினார்கள். மூன்றே மாதத்தில் இரண்டு ஆசிரியர்கள் போய்விட்டார்கள். ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை. மூன்றாவதாக ஒருவர் போகும்போது சொல்லிவிட்டுப் போனார்: “நீங்கள் என் வகுப்புக்குள் வந்தால், என் கையில் இருப்பதை வாங்கி நீங்களே செய்து காட்டுவீர்கள். பிள்ளைகள் அதற்கப்புறம் என்னைப் பார்ப்பதில்லை.” சரியாகச் சொன்னார். அழும் குழந்தையை நான் போய்த் தூக்கினால் அழுகை நின்றுவிடும். அதில் எனக்கு ஒரு பெருமை. அந்த ஆசிரியருக்கு அது அவமானம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. தலைமை என்றால், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலையை இன்னொருவர் உங்களைவிடச் சுமாராகச் செய்யும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிவது. இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது, அதற்குள் தெம்பு போய்விட்டது.

அதனால் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லவில்லை. எடுப்பதற்கு முன் இரண்டு வாரம் இப்போதைய தலைவியோடு கூடவே இருந்து பாருங்கள். காலையில் ஒருவர் உடம்பு சரியில்லை என்று போன் செய்ததும் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: எந்த வகுப்பிலிருந்து யாரை இழுப்பது, அப்படி இழுத்தால் அங்கே ஆள் எண்ணிக்கை விதிக்குக் கீழே போகிறதா, போனால் எந்த இரண்டு வகுப்பைச் சேர்ப்பது. ஏழரை மணிக்கு இந்தக் கணக்கு தொடங்கும். அப்புறம் கட்டணம் கட்டாத பெற்றோர், தன் பிள்ளையைக் கடித்தது யார் என்று பெயர் கேட்கும் பெற்றோர், உரிமம் புதுப்பிக்கும் தாள்கள், தீயணைப்புக் கருவிக்குத் தேதி முடிந்துவிட்டது என்ற கடிதம். இதையெல்லாம் பார்த்து ‘இதை இன்னும் ஒழுங்காகச் செய்யலாமே’ என்று உங்களுக்குக் கை துறுதுறுத்தால், போங்கள், நீங்கள் அதற்குப் பிறந்தவர். ‘எப்போது வகுப்புக்குத் திரும்புவோம்’ என்று இருந்தால் வேண்டாம். அடுத்த வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு பட்டப்பெயர் கிடைக்கும், அவ்வளவுதான்.

குழந்தைகள் பக்கமே வளர்வது என்று ஒன்று உண்டா? உண்டு. அது வெளியே தெரியாது, அதுதான் தொல்லை. நான்கு வருட அனுபவமும் பதினான்கு வருட அனுபவமும் வாசலில் நின்று பார்ப்பவருக்கு ஒரே மாதிரி இருக்கும். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். வித்தியாசம் அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன். அன்றைய குறிப்பில் ஒருவர் எழுதியிருந்தார்: ‘காலையில் ரொம்ப அழுதான், பிறகு சரியாகிவிட்டான்.’ அதே பையனைப் பற்றி இன்னொருவர் எழுதியது: ‘ஷூவைக் கழற்றும்போது மூன்று முறை கதவைப் பார்த்தான். இடது ஷூவைக் கழற்றவில்லை. கழற்றச் சொன்னபோது அழுதான். ஒரு ஷூவோடு விட்டேன். பத்தரை மணிக்கு மணல் தொட்டியில் இறங்கும்போது தானே கழற்றி என்னிடம் கொடுத்தான்.’ முதல் குறிப்பை வைத்துக்கொண்டு நாளைக்கு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதில் பையன் என்ன நினைக்கிறான் என்பது இருக்கிறது: ஷூ காலில் இருக்கும்வரை வீட்டுக்குப் போய்விடலாம். நாளைக்கு யாரும் அந்த ஷூவோடு மல்லுக்கட்ட வேண்டாம். இப்படிப் பார்க்கத் தெரிவதுதான் இந்தத் தொழிலின் அசல் திறமை என்பேன். பாட்டு, பொம்மலாட்டம், கைவேலை எல்லாம் ஒரு வருடத்தில் வந்துவிடும்.

இதை முறையாக்கியவர்கள் இருக்கிறார்கள். ஹங்கேரியில் எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவர் 1946-இல் புடாபெஸ்ட் நகரத்தின் லோட்சி தெருவில், பெற்றோரோடு இருக்க முடியாத கைக்குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றைத் தொடங்கினார். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஊட்டுவது, இவைதான் குழந்தையோடு முழுக் கவனத்தோடு இருக்க வேண்டிய நேரம் என்று அங்கே பணியாளர்களைப் பழக்கினார்கள். தூக்குவதற்கு முன் ‘உன்னைத் தூக்கப் போகிறேன்’ என்று சொல்லி, கையை நீட்டி, குழந்தை உடம்பைத் தயார்செய்துகொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். டயப்பர் மாற்றுவதை வேலைக்குக் குறுக்கே வரும் தொந்தரவாக நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அதுவே வேலையின் நடுநாயகம் என்று தெரிந்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. வீட்டில் கேட்கிறார்களே மூக்குத் துடைப்பதைப் பற்றி, அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து வந்து சட்டென்று துடைப்பது ஒன்று; எதிரே உட்கார்ந்து, ‘துடைக்கட்டுமா, நீயே துடைக்கிறாயா’ என்று கேட்டு, அந்தப் பிள்ளை கைக்குட்டையை மூக்குக்கு ஒரு விரற்கடை தள்ளிக் கன்னத்தில் வைத்துத் தேய்ப்பதை முகம் மாறாமல் பார்த்துக்கொண்டிருப்பது இன்னொன்று.

இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகராட்சி 1963-இல் தன் முதல் மழலையர் பள்ளியைத் திறந்தது. அங்கே உருவான ஏற்பாட்டில் நமக்கு ஒரு சேதி இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் கலைப் பின்னணி உள்ள ஒருவர் இருப்பார், அட்டெலியரிஸ்டா என்று பெயர். பிள்ளைகள் வரைவதும் செய்வதும் பேசுவதும் அவர் கையில் ஆவணமாகும். பெடகோஜிஸ்டா என்பவர் பல பள்ளிகளுக்குப் பொதுவாக இருந்து, ஆசிரியர்களோடு உட்கார்ந்து அந்த ஆவணங்களைப் பார்த்துப் பேசுவார். அதாவது, வகுப்பாசிரியருக்கும் தலைமைக்கும் நடுவே வேறு நாற்காலிகளும் போட முடியும் என்று ஒரு ஊர் செய்து காட்டியது. ஆஸ்திரேலியாவில் இப்போது சட்டப்படியே ஒவ்வொரு மையமும் ‘கல்வி வழிகாட்டி’ என்று ஒருவரைக் குறித்தாக வேண்டும். அவர் மையத்தின் தலைவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் மையத்தில் அப்படி ஒரு நாற்காலி இல்லையென்றால், கேட்டுப் பாருங்களேன். ‘தலைமை வேண்டாம், வாரத்தில் ஒரு நாள் வகுப்பிலிருந்து விடுவித்து, புதிதாக வந்தவர்களைப் பழக்கும் பொறுப்பைக் கொடுங்கள், அதற்கு ஒரு படி கொடுங்கள்’ என்று. நான் தெரிந்துதான் சொல்கிறேன், இதைக் கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். யாரும் தானாக வந்து கொடுப்பதில்லை.

பக்கவாட்டு வழிகள் இன்னும் சுவாரசியமானவை, அவற்றைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். வியன்னாவில் மாண்டிசோரி ஆசிரியராகப் பயிற்சி பெற்ற எம்மா பிளாங்க் என்பவர் 1955-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர மருத்துவமனையில், படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு விளையாட்டும் படிப்பும் தரும் ஒரு பிரிவைத் தொடங்கினார். இன்று அது தனித் தொழில். ஊசி போடுவதற்கு முன் பொம்மைக்கு ஊசி போட்டுக் காட்டுவது, அறுவை சிகிச்சை அறைக்குப் போகும் வழியை முன்கூட்டியே நடந்து காட்டுவது, கூட வந்திருக்கும் அண்ணன் தங்கையிடம் நடப்பதைப் புரியும்படி சொல்வது. தொடங்கி வைத்தவர் ஒரு மழலையர் ஆசிரியர் என்பதில் ஆச்சரியமே இல்லை. பயந்த குழந்தையோடு பேச நம்மைவிட யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கே போய்ச் செய்யும் வேலை இன்னொன்று. 1962-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் யிப்சிலாண்டி என்ற ஊரில் தொடங்கிய பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சின்ன வயதில் செலவு செய்தால் பின்னால் பல மடங்கு திரும்பும் என்று மேடைக்கு மேடை எடுத்துக்காட்டுவார்கள். 123 பிள்ளைகள், அதில் 58 பேருக்கு மழலையர் கல்வி கிடைத்தது, நாற்பது வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். மேடையில் சொல்லாமல் விடுவது எப்படி நடத்தினார்கள் என்பதை. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், ஒருவருக்கு ஏறக்குறைய ஆறு பிள்ளைகள், காலையில் இரண்டரை மணி நேர வகுப்பு. அதோடு வாரம் ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய்த் தாயோடும் பிள்ளையோடும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். அந்த வீட்டு வருகையை மட்டும் முழுநேரத் தொழிலாகச் செய்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். உங்களுக்குப் பெற்றோரோடு பேசுவது பிடிக்குமானால் இதை யோசியுங்கள்.

அப்புறம் சிறப்புக் கல்வியும் ஆரம்பகாலத் தலையீடும், அதாவது வளர்ச்சியில் வரும் சிக்கலைச் சிறு வயதிலேயே கண்டு உதவுவது. பேச்சு தாமதம், செவித்திறன் குறை, ஆட்டிசம் போன்றவற்றை முதலில் சந்தேகிப்பது பல சமயம் மழலையர் ஆசிரியர்தான், ஏனென்றால் ஒரே வயதுப் பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் பார்த்த கண் அவருக்கு இருக்கிறது. அந்தக் கண்ணோடு பேச்சுப் பயிற்சியோ, அன்றாடச் செயல்களைத் தானே செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையோ படிக்கப் போகிறவர், நேராகப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வருகிறவரைவிடப் பல அடி முன்னால் நிற்பார். படிப்பு நீளம், செலவும் உண்டு. ஆனால் சம்பளத்தில் நிஜமான தாவல் வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து இதுதான் நல்ல வழி.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் கற்பிப்பது, மையங்களை ஆய்வு செய்து தரம் பார்க்கும் வேலை, பாடத்திட்டமும் விளையாட்டுப் பொருளும் வடிவமைப்பது, அருங்காட்சியகம், நூலகம் போன்ற இடங்களில் குழந்தைகள் பிரிவு, சொந்தமாக மையம். சொந்த மையம் பற்றி ஒரே வரி. அது ஆசிரியர் வேலையின் தொடர்ச்சி கிடையாது. ஒரு சின்ன வியாபாரம், அதில் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பணத்தைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் பேசிவிடுவோம். இந்தத் துறையில் சம்பளம் ஏன் உயர மறுக்கிறது? முதலாளியின் கஞ்சத்தனம் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தின் விதியைப் பாருங்கள்: இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும். அப்படியானால் அரசுப் பணம் வராத இடத்தில், அந்தப் பெரியவரின் சம்பளம், வாடகை, சாப்பாடு, காப்பீடு எல்லாம் மூன்று குடும்பங்களின் கட்டணத்திலிருந்து வர வேண்டும். கட்டணம் ஏற்றினால் பெற்றோரால் முடியாது, ஆளைக் குறைத்தால் குழந்தைக்கு ஆபத்து. நாற்பது பேருக்குப் பாடம் எடுக்கும் உயர்நிலை ஆசிரியருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆக, குழந்தை எவ்வளவு சிறியதோ அவ்வளவு கடினமான வேலை, அவ்வளவு குறைந்த சம்பளம். இதில் உங்கள் திறமைக்குறைவு எதுவும் இல்லை, மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள்.

அதே விதியில் இன்னொரு வரி இருக்கிறது. மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒருவருக்கு எட்டுப் பேர். ஆனால் பட்டதாரி ஆசிரியர் கூடவே நின்று வேலை செய்தால் பதின்மூன்று பேர் வரை வைத்துக்கொள்ளலாம். படிப்புக்கு மரியாதை என்று ஒரு பக்கம் தோன்றும். இன்னொரு பக்கம், நீங்கள் படித்த படிப்புக்குப் பரிசாக ஐந்து பிள்ளைகளைக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். சம்பளம் பேச உட்காரும்போது இப்படிப்பட்ட கணக்கு தெரிந்திருக்க வேண்டும்: உங்கள் சான்றிதழால் மையத்துக்கு என்ன கிடைக்கிறது? கூடுதல் பிள்ளைகளா, உரிமமா, அரசு மானியமா? அதில் ஒரு பங்கைக் கேட்பதில் தப்பே இல்லை. எந்த நாட்டில் வேலை செய்தாலும் அந்த நாட்டு விதியை ஒரு தடவை நீங்களே படித்துவிடுங்கள், யாரோ சொல்வதை நம்பாமல்.

சான்றிதழ்களைப் பற்றியும் இதே எச்சரிக்கை. ஒரு நல்ல உதாரணம், ஒரு மோசமான உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் சிடிஏ என்ற சான்று இருக்கிறது. 120 மணி நேரப் படிப்பு, 480 மணி நேரம் குழந்தைகளோடு வேலை, தன் வேலையைத் தானே எடைபோட்டு எழுதிய ஒரு கோப்பு, குடும்பங்களிடம் வாங்கிய கருத்துத் தாள்கள், ஒருவர் நேரில் வந்து வகுப்பைப் பார்ப்பது, தேர்வு. மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பட்டப்படிப்பு இல்லாதவர்களுக்கும் வாசல் திறக்கிறது, வேலையில் இருந்துகொண்டே செய்யலாம், வகுப்பை நேரில் பார்க்கிறார்கள். ஒரு சான்று இப்படித்தான் இருக்க வேண்டும்.

மோசமானது இங்கிலாந்தில் 2013-இல் வந்த ஆரம்ப வயது ஆசிரியர் தகுதி. சேர்வதற்குத் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு வேண்டிய அதே தகுதி வேண்டும், பட்டம் வேண்டும், பயிற்சி வேண்டும். எல்லாம் முடித்தபின், பள்ளி ஆசிரியருக்கான தகுதிநிலை அதோடு வராது. அந்தச் சம்பள அட்டவணையும் வராது. பெயரில் ‘ஆசிரியர்’ இருக்கிறது, பின்னால் ஒன்றும் இல்லை. இதில் சேர்ந்தபின் தெரிந்துகொண்டு நொந்தவர்கள் நிறைய. எந்தப் படிப்புக்குப் பணம் கட்டும் முன்பும் மூன்று கேள்வி கேளுங்கள்: இதை எந்த அரசு அமைப்பு அங்கீகரிக்கிறது? இதை வைத்துக்கொண்டு எந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கலாம், அந்தப் பதவி நிஜமாகவே விளம்பரத்தில் வருகிறதா? நேரில் வகுப்பில் நிற்கும் பயிற்சி எத்தனை மணி நேரம்? மூன்றாவதற்குப் பதில் பூஜ்யம் என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். திரையில் பார்த்துக் குழந்தை வளர்ப்பைக் கற்றுக்கொள்வது, கரையில் உட்கார்ந்து நீச்சல் கற்றுக்கொள்வதைப் போலத்தான்.

பட்டம் படிப்பதா என்று கேட்டீர்கள். முடிந்தால் படியுங்கள், ஆனால் பெரிய பள்ளிக்கு ஓடுவதற்காக என்று இல்லை. விதிகள் மாறும்போது பட்டம் கையில் இருப்பவர்கள்தான் மேலே தூக்கப்படுகிறார்கள். ஏழைக் குடும்பங்களின் சிறு பிள்ளைகளுக்கான அமெரிக்க அரசின் ஹெட் ஸ்டார்ட் திட்டத்துக்கு 2007-இல் ஒரு சட்டம் வந்தது: 2013-க்குள் நாடு முழுவதும் அதன் மைய ஆசிரியர்களில் பாதிப் பேராவது இளநிலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று. அதற்கு முன்பே அமைதியாகப் படித்து வைத்திருந்தவர்கள் பாக்கியசாலிகள். குழந்தை வளர்ச்சி அல்லது சிறார் கல்வி என்றே இருக்கும் பட்டமாகப் பாருங்கள். அது தொடக்கப்பள்ளிக்கும் செல்லுபடியாகுமானால் இரட்டை லாபம், இரண்டு கதவும் திறந்திருக்கும்.

உடம்பைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த வேலையை முப்பது வருடம் செய்ய ஆசையென்றால் முதுகும் தொண்டையும் முப்பது வருடம் தாங்க வேண்டும். குனிந்து தூக்காதீர்கள், உட்கார்ந்து எழுங்கள். பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் நீங்கள் உட்காரும் பழக்கத்தை இன்றே விடுங்கள், பெரியவர் உயரத்துக்கு ஒரு முக்காலி கேட்டு வாங்குங்கள். அறையின் அந்தப் பக்கம் இருப்பவனை இங்கிருந்து கத்திக் கூப்பிடாமல் நடந்து போய்க் கூப்பிடுங்கள். என் குரல் பத்தாவது வருடம் உடைந்தது, இன்றைக்கும் பாட்டில் மேல் ஸ்தாயி வராது.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். தலைமை இடத்துக்குப் பதில் சொல்ல உங்களுக்கு எவ்வளவு நாள் இருக்கிறதோ தெரியாது. ஒரு மாதம் கேட்டு வாங்குங்கள். அதில் நான் சொன்ன இரண்டு வாரத்தைத் தலைவியோடு கழியுங்கள். உங்கள் மையத்தைப் போல இல்லாத இரண்டு மையங்களை, ஒவ்வொன்றிலும் ஒரு முழு நாள், மூலையில் உட்கார்ந்து பாருங்கள். ஒரே ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, தினமும் பத்து நிமிடம், அந்த ஷூக் குறிப்பைப் போல எழுதுங்கள். ‘ரொம்ப’, ‘நன்றாக’, ‘அடம்பிடித்தான்’ என்ற சொற்கள் வந்தால் அடித்துவிட்டு, கண்ணால் பார்த்தது என்ன என்று எழுதுங்கள். பிள்ளையின் பெயரை மாற்றி வைத்துவிடுங்கள். இப்படி இருபது குறிப்பு சேர்ந்தால், பிற்காலத்தில் பயிற்சியாளர் வேலையோ, பட்டப்படிப்போ, சிறப்புக் கல்வியோ, எந்த நேர்காணலுக்குப் போனாலும் மேசையில் வைக்க ஒன்று இருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் துறை தெரிந்தவராக இருந்தால் இரண்டு பக்கத்திலேயே உங்களை எடைபோட்டுவிடுவார். நானும் ஆள் எடுக்கும்போது அதைத்தான் கேட்பேன்.

கடைசியாக, அனுபவச் சான்றிதழ். எனக்கு முதலில் வேலை கொடுத்த மையம் நான்கு வருடம் கழித்து மூடப்பட்டது. அங்கே நான் வேலை பார்த்த இரண்டு வருடத்துக்கு என்னிடம் ஒரு தாளும் இல்லை. பின்னால் பட்டப்படிப்பில் அனுபவத்துக்கு விலக்கு கேட்டபோது, அந்த இரண்டு வருடம் நடக்கவே இல்லை என்று ஆகிவிட்டது. நிர்வாகி எந்த ஊரில் இருக்கிறார் என்றுகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. உங்கள் தலைவி போகப் போகிறார் என்கிறீர்கள். போவதற்கு முன் அவரிடம் கையெழுத்தோடு எழுதி வாங்கிவிடுங்கள்: எந்த வயதுப் பிள்ளைகள், ஒரு வகுப்பில் எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தத் தேதியிலிருந்து, உதவியாளராக எவ்வளவு காலம், வகுப்புப் பொறுப்பில் எவ்வளவு காலம். ‘நன்னடத்தையுடன் பணிபுரிந்தார்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்து, இந்த விவரங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். இந்த வாரமே.